அக்காவின் டைம் அவுட்டுகள்

பதினான்கு வருடங்கள் நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியின் விளையாட்டு விடுதியில் நான் முதல் வருடம் சேர்ந்தபோது அவள் மூன்றாம் வருடம். ஒரே அறை. எனக்கு டைபாய்டு வந்து இரண்டு வாரம் படுத்துக் கிடந்தபோது என் துணிகளைத் துவைத்துப் போட்டவள் அவள்தான். மேட்சுக்கு முன்னால் என் தலைமுடியை இழுத்துப் பின்னுவாள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். "பொறுத்துக்க கண்ணு, வெளையாடறப்ப மூஞ்சில விழுந்தா நாந்தான உன்னையத் திட்டோணும்" என்பாள்.

வயதில் மூத்தவள், எனக்குப் பயிற்சியாளராகவும் இருந்தவள். முறைப்படி 'சொன்னார்', 'வந்தார்' என்றுதான் எழுத வேண்டும். எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. சொன்னாள் என்றே எழுதுகிறேன்.

பெண்களுக்கும் தேசிய அளவில் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் என்று ஒன்று ஆரம்பித்தபோது எங்கள் ஊருக்கும் ஓர் அணி வந்தது. அக்கா கணுக்கால் போய் ஆடுவதை நிறுத்தியிருந்தாள். அவளைக் கோச் ஆக்கினார்கள். நான் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். இரண்டு பேரும் ஒரே வார்த்தையில் பேசிக்கொள்வோம். எங்கள் ஆட்ட உத்திகளுக்குப் பெயர் வைத்தது நான். வெளியூர் அணிகளில் இருப்பவர்கள் இந்தி, மலையாளம், பஞ்சாபி பேசுகிறவர்கள். அவர்களுக்குப் புரியக்கூடாது என்பதற்காக நம் பக்கத்து ஊர்ப் பெயர்களாகவே வைத்தேன். 'வால்பாறை' என்று கத்தினால், எங்கள் நல்ல ஷூட்டர் ஒவ்வொருத்தியாகச் சுற்றி வளைந்து வளைந்து இடது பக்கம் வந்து பந்தை வாங்குவாள். மலைப்பாதை வளைவு மாதிரி. 'மேட்டுப்பாளையம்' என்றால் பந்து நேராக மலையடிவாரத்துக்கு, ரிங்குக்குக் கீழே நிற்கும் உயரமான பெண்ணிடம் போகும். 'சத்தி', அதாவது சத்தியமங்கலம் என்றால் எல்லோரும் காட்டுக்குள் போவதுபோல உள்ளே நெருக்கியடித்துவிட்டு, பந்து மட்டும் வெளியே மூலைக்கு வரும். அக்காவுக்கு இந்தப் பெயர்கள் ரொம்பப் பிடித்திருந்தன.

அந்த சீசனில் செமி ஃபைனல் வரைக்கும் வந்தோம். வெளியூரில் நடந்தது. ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம், பத்தொன்பது விநாடி மிச்சம். என்னை ஃபவுல் செய்தார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியலாம், ஒன்றுக்கு ஒரு பாயிண்ட். இரண்டும் போட்டால் ஜெயிக்கிற இடத்தில் இருப்போம். முதல் பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. இரண்டாவது பின்விளிம்பில் பட்டுத் துள்ளியது. அதை எதிரணிப் பெண் தட்டிவிட, கோட்டுக்கு வெளியே போய்ப் பந்து மறுபடி எங்களுக்கே கிடைத்தது. ஆனால் யார் எங்கே நிற்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா பெஞ்சிலிருந்து ஏதோ கத்தினாள், எனக்குக் கேட்கவில்லை. உள்ளே எறிந்த பந்தை எதிரணி பறித்துக்கொண்டது. தோற்றோம்.

உடைமாற்றும் அறையில் நான் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அணியின் நிர்வாகிகள் இரண்டு பேர் கதவருகில் வந்து நின்றார்கள். அக்கா அவர்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பதினாலு வருசமா ஃப்ரீ த்ரோ போடறவ. கண்ணக் கட்டி விட்டாலும் போடுவா. இன்னிக்கு ரெண்டும் போகலீன்னா நான் என்னன்னு நெனைக்கறது?"

"அக்கா?"

"யாரு சொல்லி விட்டாங்கன்னு நீயே சொல்லிப்போடு கண்ணு. வெளிய இருந்து தெரிஞ்சா நல்லா இருக்காது."

அந்த அறையில் பதினோரு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் அதை மறுபடி கட்ட ஆரம்பித்தாள். யாரோ சொல்லி நான் வேண்டுமென்றே தவறவிட்டேன் என்கிறாள். "கை நடுங்குச்சுக்கா" என்றேன். அதுதான் உண்மையும்கூட.

ஊருக்கு வந்த நான்காம் நாள் அவிநாசி ரோட்டில் இருக்கும் அணி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அதே இரண்டு பேர். டீ கொடுத்தார்கள். "தப்பா நெனைக்காதீங்க, உங்க போனைக் கொஞ்சம் பார்க்கலாங்களா?" என்று கேட்டார்கள். எங்கள் ஊரில் இப்படிப்பட்டதைக்கூட மரியாதையாகத்தான் கேட்பார்கள். நான் பூட்டைத் திறந்து கொடுத்தேன். என் முன்னாலேயே ஒவ்வொன்றாகத் தள்ளிப் படித்தார்கள். 'வர்றப்ப பால் பாக்கெட் ரெண்டு வாங்கிட்டு வாங்க' என்று என் கணவருக்கு அனுப்பியிருந்ததை ஒருவர் படித்துவிட்டு இன்னொருவரிடம் காட்டினார். அதில் ஏதாவது ரகசிய அர்த்தம் இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை என்று என்னிடமோ மற்றவர்களிடமோ அவர்கள் சொல்லவும் இல்லை. அன்று சாயங்காலம் அணியின் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். அடுத்த சீசனுக்குக் கூப்பிடவில்லை.

பேச்சு மட்டும் ஊரெல்லாம் போய்விட்டது. அன்னூரில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்த தூரத்து மாமா ஒருவர், ரசத்தை இலையில் வாங்கிக்கொண்டே, "ஏனுங் அம்மணி, நெசமாலுமே விட்டுக் குடுத்துட்டீங்களாமா?" என்றார். கேலிகூட இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

எங்கள் வீடு சூலூர்ப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் மாமனாரின் கொப்பரைக் களம், பெரிய சிமெண்டுத் தரை. என் கணவர் பம்பு மோட்டார் கம்பெனியில் தர ஆய்வாளர், எதையும் அளந்து பார்த்துச் செய்கிறவர். களத்து ஓரச் சுவரில் அவரே ஒரு ரிங்கைச் சரியான உயரத்தில் பொருத்தி, கோடும் போட்டுக் கொடுத்தார். காலையில் கொப்பரையைப் பரப்புவதற்கு முன்னால் நான் அங்கே நின்று ஃப்ரீ த்ரோ போடுவேன். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் 'யாரு சொல்லி விட்டாங்கன்னு நீயே சொல்லிப்போடு கண்ணு' என்று மனதுக்குள் அவள் குரலிலேயே சொல்லிக்கொள்வேன். அதைக் கேட்டுக்கொண்டே போட்டால் எந்த மைதானத்திலும் போட முடியும் என்று எனக்குத் தோன்றியது.

அதுவரைக்கும் எனக்கு அவள்மேல் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். தோற்றது என்னால்தான் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மேற்குக் கரையில் ஒரு நகரத்து அணியின் கோச் போனில் கூப்பிட்டார். மலையாளி. தமிழ் பேசுவார், அவர் பாணியில்.

"நீங்க எங்க டீமுக்கு வருமோ?"

"சார், என்னைப் பத்திப் பேசிக்கறது நீங்க கேட்டிருப்பீங்களே."

"கேட்டு. அதுக்கப்புறம் அந்த மேட்ச் வீடியோ நாலு தடவ கண்டு. நீங்க ரெண்டு ஃப்ரீ த்ரோ விட்டது சரி. பட்சே அப்புறமும் பந்து உங்க கையில்தானே இருந்நு? பதினெட்டு செகண்டு உண்டு. உங்க கோச் ஒரு டைம் அவுட் எடுத்திருந்தா, எல்லாரையும் நிறுத்தி, யார் எங்கேன்னு சொல்லியிருந்தா, ஜெயிச்சிருக்கும். அவங்க கையில் டைம் அவுட்டே இல்ல. எல்லாம் நேரத்தே எடுத்துத் தீர்த்தாச்சு."

நான் போனை வைத்துவிட்டுக் களத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அந்த வீடியோவை நானும் பார்த்தேன். இரண்டாம் பாதியில் ஒரு கோச்சுக்கு மூன்று டைம் அவுட். ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்திப் பேசிக்கொள்ளலாம். விவரமுள்ள கோச் கடைசி இரண்டு நிமிடத்துக்காக ஒன்றையாவது பத்திரமாக வைத்திருப்பார். அக்கா மூன்றையும் அதற்கு முன்பே எடுத்திருந்தாள். கடைசியில் அவள் பெஞ்சில் நின்று கைகளால் டைம் அவுட் சைகை காட்டுவதும், மேஜையில் இருப்பவர் இல்லை என்று தலையாட்டுவதும் வீடியோவின் ஓரத்தில் தெரிந்தது.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உடைமாற்றும் அறைக்கு நடந்து வரும்போதே தெரிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் என் வெட்கம் போய், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அது இருந்தது எனக்கு நன்றாகவே இருந்தது. நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன், முன்னைவிட வேகமாக ஓடினேன்.

அந்த மலையாளக் கோச்சிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் கணவர் பெட்டி கட்டும்போது கேட்டார். "வெளையாடப் போறயா, சண்டைக்குப் போறயா அம்மணி?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க இந்த வருசம்."

அவர் முழங்கால் உறையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

புது அணியின் கேப்டன் ஒரு ஹரியானாக்காரி. ஆறடிக்கு மேல் உயரம், முப்பத்தைந்து வயது, ஊரில் இரண்டு குழந்தைகள். இதுதான் கடைசி சீசன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒரு முறையாவது கோப்பையோடு திரும்ப வேண்டும் என்பது அவள் ஆசை. என்னை அவள் 'மெட்ராஸ்' என்றுதான் கூப்பிடுவாள். கோயமுத்தூர் வேறு, மெட்ராஸ் வேறு என்று மூன்று தடவை விளக்கிவிட்டு விட்டுவிட்டேன். என் முட்டிக்குத் தினமும் ஐஸ் கட்டுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் 'வேகமா', 'சாப்பாடு' என்ற இரண்டு சொற்கள். எனக்குத் தெரிந்த இந்தி அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

எங்கள் ஊர் அணியோடு முதல் ஆட்டம் புது நகரத்தில் நடந்தது. உத்திகளின் பெயர்களை அவர்கள் மாற்றியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் அவர்களுடைய கார்டு, என் இடத்துக்கு வந்தவள், கையைத் தூக்கி "வால்பாறை!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வைத்த பெயரையே என்முன் கத்துகிறார்கள். இவள் நமக்கு எதிராக என்ன செய்துவிடப் போகிறாள் என்ற அலட்சியம் அது. "லெஃப்ட், லெஃப்ட்!" என்று நான் கத்தினேன். கேப்டன் இடது பக்கம் போய் நின்றாள். வளைந்து வளைந்து வந்த ஷூட்டர் நேராக அவள் மார்பில் வந்து மோதினாள். 'மேட்டுப்பாளையம்' என்றபோது பந்து கிளம்புவதற்கு முன்பே நான் அடிவாரத்தில் இருந்தேன். 'சத்தி' என்றபோது மூலையில் நின்று பந்தை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டேன். அன்றைக்கு அவர்களை நாங்கள் பந்தாடினோம். எனக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோ ஆறையும் போட்டேன். ஒவ்வொரு முறையும் போட்டுவிட்டு அவர்கள் பெஞ்சைப் பார்த்தேன். அக்கா தன் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து வரிசையில் கைகொடுக்கும்போது அவள் என் முன் வந்து நின்றாள்.

"நொம்ப நல்லா வெளையாண்டீங்க" என்றாள்.

பதினான்கு வருடங்களில் அவள் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் 'ங்க' போடுவோம், டீக்கடைக்காரருக்கும் கலெக்டருக்கும் ஒரே மாதிரி. ஆனால் கூடப் பிறந்தவளைப்போல் இருந்தவள் போட்டால் அதன் பொருள் வேறு. நீ எனக்கு யாருமில்லை என்று அதைவிடச் சுத்தமாகச் சொல்ல முடியாது.

"சந்தோசமுங்க" என்றேன் நானும்.

அந்த வருடம் செமி ஃபைனலும் ஃபைனலும் கோயமுத்தூரில். எங்களுக்கு செமியில் எதிரணி எங்கள் ஊர் அணியேதான். அது தெரிந்த அன்று எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல் உடம்பு சுட்டது. கேப்டன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரை எடுத்து வந்தாள். வேண்டாம் என்றேன். சந்தோஷத்தில் வந்த சூடு அது.

உள்ளரங்கம் நிறைந்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகள், பனியன் கம்பெனியிலிருந்து டி-ஷர்ட் அடித்துப் போட்டுக்கொண்டு வந்த கூட்டம், குடும்பத்தோடு வந்தவர்கள். என் பெயரை அறிவித்தபோது கூச்சல். "போன வருசம் அவங்களுக்கு விட்டீங்க, இந்த வருசம் யாருக்குங்க?" என்று மேலிருந்து ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அதிலும் 'ங்க' போட்டிருந்தான். என் கணவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார்.

முதல் பாதி எனக்கு நரகம். "வால்பாறை!" என்றாள் அவர்களுடைய கார்டு. நான் இரண்டு பேரை இடது பக்கம் அனுப்பினேன். பந்து வலது பக்கம் போய், யாரும் தடுக்காத ரிங்குக்குள் விழுந்தது. "மேட்டுப்பாளையம்!" என்றதும் உள்ளே ஓடினேன். பந்து வெளியே போய்த் த்ரீ பாயிண்டர் ஆனது. பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளிருந்ததையெல்லாம் மாற்றியிருந்தாள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று தெரிந்து எனக்காகவே வைத்த பொறி. மூன்றாவது முறையும் ஏமாந்தபோது எங்கள் கோச் என்னை வெளியே எடுத்து உட்காரவைத்தார். எதிர் பெஞ்சில் அக்கா என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

இடைவேளையில் எட்டு பாயிண்ட் பின்னால் இருந்தோம். கோச் கேட்டார், "இப்ப என்னா செய்யறது?"

"சார், அவங்க கத்தறதை இனி நாம கேக்க வேண்டாம். எனக்கு அந்தப் பேரெல்லாம் தெரியறதைவிட அந்த ஆளைத் தெரியும்."

விடுதி நாட்களிலிருந்து எனக்குத் தெரியும். அக்கா கெட்டிக்காரி, ஆனால் பயந்தால் நிறுத்துவாள். பரீட்சையில் ஒரு கேள்வி தெரியாவிட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். கல்லூரி அணிக்குக் கேப்டனாக இருந்தபோது எதிரணி தொடர்ந்து இரண்டு கூடை போட்டாலே கோச்சிடம் ஓடி டைம் அவுட் கேட்பாள். ஆகவே அவளைப் பயமுறுத்த வேண்டும். பெரிதாக இல்லை, சின்னச் சின்னதாக, சீக்கிரம் சீக்கிரமாக. கடைசி நிமிடம் வரும்போது அவள் கையில் ஒன்றும் இருக்கக்கூடாது. நான் இதைச் சொல்லி முடித்ததும் கோச் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

மூன்றாவது கால்பகுதி தொடங்கியதும் மைதானம் முழுக்க விரட்டிப் பிடித்தோம். பந்தை உள்ளே எறியவே விடவில்லை. தொடர்ந்து மூன்று கூடை. அக்கா கையைத் தூக்கினாள். ஒன்று.

அந்தக் கால்பகுதி முடியப்போகும்போது நான் ஒரு பந்தைப் பறித்தேன். முன்னால் யாருமில்லை, ஓடிப்போய்ச் சாதாரணமாகப் போட்டிருக்கலாம். போடாமல் கோட்டுக்கு வெளியே நின்றேன், அவர்களுடைய கார்டு ஓடி வரும்வரை காத்திருந்தேன், அவள் தலைக்கு மேலே த்ரீ பாயிண்டர் போட்டேன். தேவையில்லாத வேலை. தவறியிருந்தால் கோச் என்னைக் கொன்றிருப்பார். அக்கா கையைத் தூக்கினாள். இரண்டு.

கடைசிக் கால்பகுதியில் ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போது ஆட்டத்தைச் சமன் செய்தோம். பந்து வெளியே போய் அவர்கள் பெஞ்சின் அருகே விழுந்தது. எடுக்கப் போனேன். அக்கா இரண்டடி தூரத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"இன்னும் ஒண்ணுதாங்க இருக்குது."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு அந்த நொடியில் புரிந்தது. புரிந்தும் அவளால் முடியவில்லை. அடுத்த இரண்டு முறையும் நாங்கள் கூடை போட்டோம், நான்கு பாயிண்ட் முன்னால் போனோம், அவள் கை தானாக மேலே போனது. மூன்று. தீர்ந்தது.

அவளுடைய பெண்கள் நல்ல ஆட்டக்காரிகள். விடவில்லை. முட்டி மோதி ஒரு பாயிண்ட் முன்னால் வந்துவிட்டார்கள். இருபது விநாடி. நான் பந்தைக் கொண்டுவந்தேன், இரண்டு பேர் என்மேல் விழுந்தார்கள், மேலே தூக்கிக் கேப்டனுக்குக் கொடுத்தேன். அவள் ரிங்குக்கு அடியில் திரும்பிப் போட்டாள். எங்களுக்கு ஒரு பாயிண்ட் அதிகம். ஏழு விநாடி இருந்தது. அந்த நேரத்தில் டைம் அவுட் இருந்தால் ஆட்டத்தை நிறுத்தி, திட்டம் சொல்லி, பந்தை எதிர்ப்பாதியிலிருந்தே தொடங்கலாம். ஏழு விநாடி அதற்குத் தாராளம்.

அவர்களுடைய கார்டு பெஞ்சைப் பார்த்தாள். எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். அக்கா ஓர் உள்ளங்கையின்மேல் மறுகையின் விரல்களை நிறுத்தி டைம் அவுட் சைகை காட்டினாள். மேஜையில் இருந்தவர் தலையாட்டினார், இல்லை என்று. மறுபடி காட்டினாள். கார்டு பாதி மைதானத்திலிருந்து பந்தை எறிந்தாளாம், அது போர்டின் மூலையில் பட்டு விழுந்ததாம். நான் பார்க்கவில்லை. அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேப்டன் என்னைத் தூக்கிச் சுற்றினாள். நிகழ்ச்சி நடத்துகிறவர் மைக்கை நீட்டி, சொந்த ஊரில் ஜெயித்தது எப்படி இருக்கிறது என்று கேட்டார். இந்த இடத்துக்காக நான் ஒரு வருடமாக வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தேன்.

"போன வருசமும் இதே செமி, இதே கோச்சுங்க. அப்பவும் டைம் அவுட் பூராவும் முன்னாடியே எடுத்துத் தீர்த்துப்போட்டாங்க. அந்தத் தப்ப மறைக்கறதுக்கு நான் வேணும்னே தோத்தேன்னு சொன்னாங்க. என்ற போனை வாங்கிப் பார்த்தாங்க. ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சும் யாரும் வாயத் தொறக்கலை. இன்னிக்கு நீங்களே கண்ணால பார்த்துட்டீங்க. எனக்கு அது போதுங்க."

அக்கா சுவரோரமாக நடந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள். மறுநாள் காலைக்குள் அந்த வீடியோ எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருடைய போனிலும் இருந்தது. அன்னூர் மாமா கூப்பிட்டு, "நான் அன்னிக்கே சொன்னனுங்க, அப்படியெல்லாம் இருக்காதுன்னு" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஃபைனல். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. கால்கள் என்னுடையவையாக இல்லை. எதிரணியில் எனக்கு யாரையும் தெரியாது, யார்மேலும் கோபமும் இல்லை. நான் எறிந்த பந்துகள் எங்கெங்கோ போயின. மூன்றாவது கால்பகுதியிலேயே கோச் என்னை உட்காரவைத்துவிட்டார், திரும்ப அனுப்பவில்லை. மோசமாகத் தோற்றோம்.

உடைமாற்றும் அறையில் கேப்டன் ஒரு ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல், "தேரா காம் தோ ஹோ கயா, மெட்ராஸ்" என்றாள். உன் வேலை முடிந்துவிட்டதே என்று அர்த்தம். கோபமாகச் சொல்லவில்லை. கோச் வாசலில் நின்று சொன்னார், "நீங்க ஒரு கேமுக்காகத்தான் வந்தது. எனக்கு அது மனசிலாகலை."

அதே வாரத்தில் அக்காவைக் கோச் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து ஒரு முற்பகலில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. நான் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றாள். மெலிந்திருந்தாள்.

"உள்ள வரச் சொல்ல மாட்டயா?"

"வாங்க" என்றேன்.

அந்த 'ங்க' அவளுக்கு உறைத்தது. களத்தின் ஓரத்திலேயே நின்றுகொண்டாள்.

"எனக்கு அப்பவே தெரியும். தப்பு என்னுதுன்னு. ரூமுக்கு வந்தப்ப அவங்க ரெண்டு பேரும் பின்னாலயே வந்து நின்னுட்டாங்க. யாராச்சும் ஒருத்தர் மாட்டோணும். வாயில வந்துபோச்சு கண்ணு."

"ஒரு வருசத்துல அதைத் திருப்பி எடுத்துக்கோணும்னு ஒரு நாளுகூடத் தோணலீங்களா?"

"தோணுச்சு. தைரியம் வல்லை."

தான் வந்த காரியத்தைச் சொன்னாள். ஒரு பள்ளியில் பயிற்சியாளர் வேலைக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள். அவர்கள் பழைய அணி நிர்வாகத்திடம் விசாரிப்பார்கள். நிர்வாகம் என்னைக் கூப்பிட்டுக் கேட்கும். "நான் உன்னைத் தப்பாப் புரிஞ்சுட்டுச் சொன்னேன்னு சொல்லிரு. பொய் சொன்னேன்னு மட்டும் சொல்லாத. உன்னையக் கெஞ்சிக் கேக்கறேன்."

என் கணவர் அன்று வீட்டில் இருந்தார். சன்னல் வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவளை மன்னித்துவிடுவேன் என்று அவர் எதிர்பார்த்தது எனக்குத் தெரியும்.

"எனக்கு யாரும் அப்படி ஒரு வழி விடலீங்களே" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "சரி" என்றாள். ஸ்கூட்டரை எடுக்கும்போது, "முட்டி இப்ப எப்படி இருக்குது?" என்று கேட்டாள். நான் கொப்பரையைப் புரட்டப் போனேன்.

நிர்வாகம் கூப்பிட்டது. அதே அலுவலகம், அதே டீ. நடந்ததை நடந்தபடி சொன்னேன், அவள் களத்தில் வந்து ஒப்புக்கொண்டதையும் சேர்த்து. என்மேல் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதிக் கொடுத்து, அதை எல்லா ஆட்டக்காரிகள் முன்னிலையிலும் படிக்க வேண்டும் என்றேன். படித்தார்கள். மூன்று வரிதான் இருந்தது. ஷூ கயிற்றை மறுபடி கட்டியவள் அன்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் மரம் மாதிரி நின்றேன். அந்தப் பள்ளி வேலை அக்காவுக்குக் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லவளாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதை நான் மாற்றி எழுதப் போவதில்லை.

மனதில் நெருடிக்கொண்டிருந்தது வேறொருத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப்டனுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் எருமை கத்தும் சத்தம் கேட்டது. அவள் வீட்டு முற்றத்தில் இருந்தாள். என் அரைகுறை இந்தியில், ஃபைனலில் நான் ஆடியது தப்பு, உன் கடைசி வருடத்தை நான் கெடுத்துவிட்டேன், மன்னித்துவிடு என்றேன்.

அவள் கேட்டாள், "உன்னுடைய அந்த கோச், வந்து மன்னிப்புக் கேட்டாளா?"

"வந்தாள்."

"மன்னித்தாயா?"

"இல்லை."

"அப்புறம் என்னிடம் எப்படிக் கேட்கிறாய்?"

குழந்தை கூப்பிடுகிறது என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.